மீதி ஒன்று: ஆட்டத்தில் பிறந்த கதைகள் பற்றிச் சில குறிப்புகள்

பலகை ஆட்டத்தை வைத்து எழுதிய மாயக்கதை நாவல் என்று சொன்னாலே தீவிர வாசகர்கள் பலர் முகம் சுளிப்பார்கள். "அதெல்லாம் விளையாட்டுச் சாமான் விக்கிறதுக்காக எழுதுறது சார், இலக்கியம் இல்லை" என்பார்கள். புத்தகக் கடையிலும் அவற்றுக்குக் கடைசி அடுக்குதான். மதிப்புரை எழுதுகிறவர்களும் "கதை விறுவிறுப்பு, நடை சுமார்" என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். இந்த வகைக் கதையை எப்படிப் படிப்பது, எந்த அளவுகோலால் அளப்பது என்று கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். அளவுகோல் நம்மிடமே இருக்கிறது என்பதுதான் இந்தக் குறிப்பின் சாரம். அதன் பெயர் நளன் கதை.

முதலில் இந்தக் காலத்து வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு பேர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம் அது. நாலே ஆண்டில், 1978இல், ஆண்ட்ரே நார்ட்டன் அதை வைத்து 'க்வாக் கீப்' என்ற நாவலை எழுதினார். 1984இல் மார்கரெட் வைஸ், டிரேசி ஹிக்மன் இருவரும் 'டிராகன்லான்ஸ்' வரிசையைத் தொடங்கினார்கள். அது பெரிய வெற்றி. ஜப்பானில் இன்னொரு கூத்து. நண்பர்கள் கூடி ஆடிய ஆட்டத்தின் உரையாடலை அப்படியே எழுதி 1986 முதல் ஒரு பத்திரிகையில் தொடராகப் போட்டார்கள். அந்த ஆட்டத்தை நடத்திய ரியோ மிசுனோ 1988இல் அதை 'லோடோஸ் தீவின் போர்க் குறிப்புகள்' என்று நாவலாக எழுதினார்.

இவற்றைப் படிக்கும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான். கதையிலிருந்து ஆட்டத்தை உருவிவிட்டு, அந்த இடத்தில் வில்வித்தையையோ மல்யுத்தத்தையோ வைத்தால் கதை நிற்குமா? நின்றால் ஆட்டம் வெறும் அலங்காரம். நிற்காமல் சரிந்தால், ஆட்டத்தின் விதிதான் கதையின் எலும்பு. அப்படிப்பட்ட கதையைத்தான் ஆட்டத்தில் பிறந்த கதை என்று மதிக்கலாம்.

இனி நம்ம ஊருக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் ஆட்டப் பலகை எவ்வளவு பழையது என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டாம். கீழடியில் பகடைக்காயும் சுடுமண் ஆட்டக்காயும் கிடைத்திருக்கின்றன. எங்கள் விருதுநகர் மாவட்டத்திலேயே, வைப்பாற்றங்கரையில், 2022இல் தொடங்கிய வெம்பக்கோட்டை அகழாய்விலும் சுடுமண் ஆட்டக்காய்கள் வந்தன. திருக்குறளில் கட்டம் கீறாமல் வட்டாடுவது ஓர் உவமை. நூலறிவு இல்லாமல் சபையில் பேசுகிறவனுக்குச் சொன்னது (401). சூதுக்கென்று ஓர் அதிகாரமே உண்டு. புறநானூற்றின் 52ஆம் பாட்டில் மருதன் இளநாகனார் ஒரு பாழடைந்த பொதியிலைக் காட்டுகிறார். நரைத்த கிழவர்கள் காய் வைத்து வைத்தே தரையில் குழி விழுந்திருக்கிறது. ஊர் அழிந்த பிறகு அந்தக் குழியில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. அந்த ஆட்டத்துக்கு 'வல்லு' என்று பெயர், காய்க்கு 'நாய்' என்று பெயர். போரின் அழிவைச் சொல்ல ஒரு புலவர் ஆட்டப் பலகையைத் தேர்ந்தெடுத்தார் என்றால், ஆட்டம் ஊர் வாழ்க்கையின் நடுவில் இருந்தது என்றுதானே அர்த்தம்.

ஆனால் இவை எல்லாம் ஆட்டத்தைப் பற்றிய பேச்சு. ஆட்டத்திலிருந்தே முளைத்த கதை என்றால் அது நளன் கதைதான்.

கிருதம், திரேதா, துவாபரம், கலி என்று நான்கு யுகங்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். அந்த நான்கும் பழைய சூதாட்டத்தில் விழும் எண்களுக்கான பெயர்களும்கூட. அந்தக் காலத்துப் பகடை ஆறு முகக் கட்டை அல்ல, தான்றிக்காய். ரிக் வேதம் 10ஆம் மண்டலத்தில் சூதாடியின் புலம்பலாக வரும் 34ஆம் பாடலிலும் தான்றிக்காய்தான் உருள்கிறது. ஜெர்மன் வடமொழி அறிஞர் ஹைன்ரிக் லூடர்ஸ் 1907இல் இந்திய சூதாட்டம் பற்றி ஒரு நூல் எழுதினார். அவரும் அவர் வழியில் வந்தவர்களும் மீட்டெடுத்த ஆட்டமுறை ஏறக்குறைய இப்படி: குவித்த காய்களிலிருந்து ஒரு பங்கு பிரியும், அதை நான்கு நான்காகக் கழிக்க வேண்டும். மீதி இல்லாமல் போனால் கிருதம், அதுதான் வெற்றி. மூன்று மிஞ்சினால் திரேதா. இரண்டு மிஞ்சினால் துவாபரம். ஒன்றே ஒன்று மிஞ்சினால் கலி, தோல்வி.

இதை மனதில் வைத்துக்கொண்டு நளன் கதையைத் திரும்பப் படியுங்கள். தமயந்தி கிடைக்கவில்லை என்று கோபப்பட்டு நளனைக் கெடுக்க வருகிறவன் பெயர் என்ன? கலி. அவனுக்குத் துணை? துவாபரன். தோற்கும் எண்கள் இரண்டும் ஆள் வடிவம் எடுத்து வருகின்றன! வடமொழி மூலத்தில் துவாபரன் காய்க்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறான், கலி நளனின் உடம்புக்குள் நுழைகிறான். நாடு போகிறது, நகர் போகிறது, மனைவியைக் காட்டில் விட்டுப் போகிறான்.

சரி, மீட்சி எப்படி வருகிறது? இங்கேதான் எனக்கு மயிர்க்கூச்செறியும். உருமாறி வாகுகனாகத் தேரோட்டிக்கொண்டிருக்கும் நளனிடம், வழியில் ஒரு மரத்தைக் காட்டி, அதில் எத்தனை காய் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்கிறான் அயோத்தி அரசன் இருதுபன்னன். தமயந்தியின் இரண்டாம் சுயம்வரத்துக்கு நேரமாகிக்கொண்டிருக்கிறது. அந்த அவசரத்திலும் நளன் தேரை நிறுத்தி எண்ணிச் சரிபார்க்கிறான். பிறகு தேரோட்டும் வித்தையைக் கொடுத்து எண்ணும் வித்தையை வாங்கிக்கொள்கிறான். வாங்கியதும் கலி அவனை விட்டு ஓடுகிறான்.

ஆறு முகப் பகடையை மட்டும் தெரிந்த வாசகனுக்கு இது புரியாது. மரத்தில் காய் எண்ணுவதற்கும் சூதில் ஜெயிப்பதற்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பான். தான்றிக்காய் ஆட்டம் தெரிந்தவனுக்கு உடனே புரியும். குவியலைக் கண்ணால் பார்த்தே எண்ணத் தெரிந்தவனுக்கு மீதி என்ன வரும் என்பதும் தெரியும். அவனைக் கலி தொட முடியாது. அந்த மரம் எந்த மரம் என்கிறீர்கள்? தான்றி மரம். மூலத்தில் நளனை விட்டு வெளியேறிய கலி ஒளிந்துகொள்வதும் அதே தான்றி மரத்தில்தான். காயில் பிறந்தவன் காய்க்கே திரும்பிவிட்டான். தத்துவ அறிஞர் இயன் ஹேக்கிங் 1975இல் நிகழ்தகவின் வரலாற்றை எழுதியபோது இந்த இடத்தை விசேஷமாகக் குறிப்பிட்டது சும்மா இல்லை. இதிலிருந்து ஆட்டத்தை உருவிப் பாருங்கள், கதையே இருக்காது.

தமிழில் இது என்னவாயிற்று? நளவெண்பாவில் புகழேந்தி தான்றி மரத்தை விடாமல் வைத்திருக்கிறார். காய்க் கணக்கை மட்டும் பத்தாயிரம் கோடி என்று ஏற்றிவிட்டார். அது கவிஞர் உரிமை. எங்களுக்குப் பக்கத்துச் சீமையான தென்காசியில் அதிவீரராம பாண்டியர் இதே கதையை நைடதமாகப் பாடினார். ஏட்டில் கலி கலியாகவே நிற்கிறான். ஆனால் மக்கள் வாயில் நளனைப் பிடித்தவன் சனி. திருநள்ளாறில் நள தீர்த்தத்தில் முங்கி எழுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கலி என்று ஒருவர் சொல்ல மாட்டார். என் கணிப்பு இது: தான்றிக்காய் ஆட்டம் வழக்கொழிந்து, கலி என்பது ஓர் எண் என்ற நினைவும் போன பிறகு, அந்தக் காலியிடத்தில் ஏழரை ஆண்டு பிடிப்பவர் வந்து உட்கார்ந்துவிட்டார். ஆட்டம் செத்தால் கதை சாகாது, ஆனால் அர்த்தம் மாறிவிடும்.

இன்னொரு வகையும் உண்டு. பாரதக் கதையில் தருமன் தம்பிமார் நால்வரையும் வைத்துத் தோற்று, தன்னையும் வைத்துத் தோற்று, கடைசியில் பாஞ்சாலியை வைக்கிறான். அவள் கேட்பது என்ன? தன்னை முதலில் தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது என்கிறாள். இதை அறம் பற்றிய கேள்வி என்றே நாம் படித்துப் பழகியிருக்கிறோம். அறம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் வடிவம் ஆட்ட விதி பற்றிய வழக்கு. எந்தப் பணயம் முன்னால், எது பின்னால், பின்னால் வைத்தது செல்லுமா? தாயம் ஆடும் திண்ணையில் தினமும் கேட்கிற சண்டைதான். அந்தச் சின்ன விதிக் கேள்வியை ஒரு பெண் அரசவையில் கேட்டபோது பீஷ்மரால்கூட நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. பாரதி இதை எடுத்துப் பாஞ்சாலி சபதமாக்கினார். அதன் முதல் பாகம் 1912இல் வந்தது, இரண்டாம் பாகம் அவர் காலமான பிறகு 1924இல் அச்சாயிற்று. நாடே பணயமாகிக் கிடந்த காலத்தில் அந்தக் கேள்வி வேறு கனம் பெற்றது.

எல்லா ஆட்டக் கதையும் இந்தத் தரத்துக்கு வராது. மன்னார்குடி அருகே திருப்பூவனூரில் இறைவன் பெயர் சதுரங்க வல்லபநாதர். இளவரசி இராஜராஜேஸ்வரியைச் சதுரங்கத்தில் வென்று சிவன் மணந்துகொண்டதாகத் தலபுராணம். 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது இந்தக் கோயிலுக்குப் புதிதாகப் பெயர் பரவியது. அழகான கதை. ஆனால் என் கேள்வியை இதில் போட்டுப் பாருங்கள். சதுரங்கத்துக்குப் பதில் வீணையை வைத்தாலும் கல்யாணம் நடந்துவிடும். நம்ம பரமபதம் இதற்கு நேர் எதிர். வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழித்து ஆடுகிற அந்தப் படம், அசுரர் பெயரையும் பாவ புண்ணியத்தையும் பாம்பாகவும் ஏணியாகவும் மாற்றியது. அது கதையிலிருந்து செய்த ஆட்டம்.

இப்போது அந்த மேல்நாட்டு நாவல்களுக்குத் திரும்பலாம். 'க்வாக் கீப்'பில் பாத்திரங்களின் மணிக்கட்டில் ஒரு வளையம் இருக்கும். அதில் சின்னச் சின்னப் பகடைகள் பதித்திருக்கும். ஆபத்து நெருங்கினால் அவை தாமாகச் சுழலும். நல்ல யோசனை, ஆனால் பகடை கைக்கு வெளியேதான் நிற்கிறது, ஆளுக்குள் இறங்கவில்லை. 'டிராகன்லான்ஸ்' அப்படியல்ல. அந்தக் காலத்து விதிப்படி போர்வீரனின் உடல் பலத்துக்குப் பத்து முகப் பகடை, மந்திரவாதிக்கு நாலு முகப் பகடை. சொன்ன மந்திரம் மறந்துபோகும், மறுபடி உருப்போட்டால்தான் உண்டு. இந்த இரண்டு வறட்டு விதிகளிலிருந்து இருமி இருமி ரத்தம் கக்கும் ரைஸ்ட்லின் என்ற மந்திரவாதி பிறந்தான். அவனுடைய பொறாமை, அறிவுப் பசி, பலசாலி அண்ணன் மேல் உள்ள வெறுப்பு கலந்த பாசம், எல்லாம் அந்த நாலு முகப் பகடையின் பிள்ளைகள். வாக்கியம் வாக்கியமாகப் பார்த்தால் அந்த நாவலின் நடை சாதாரணம்தான். புகழேந்தி பக்கத்தில் வைக்கவே முடியாது. ஆனால் கலி எப்படிப் பிறந்தானோ அப்படித்தான் ரைஸ்ட்லினும் பிறந்தான். இதைச் சொல்லாமல் "விறுவிறுப்பு, நடை சுமார்" என்று முடிப்பது மதிப்புரையே அல்ல.

ஆகவே இந்த வகை நாவலுக்கு மதிப்புரை எழுத உட்காருகிறவர் முதலில் அந்த ஆட்டத்தை ஒரு முறையாவது ஆடிப் பார்க்க வேண்டும். குறைந்தபட்சம் விதியையாவது படிக்க வேண்டும். இல்லையென்றால் கலியைச் சனி என்று படிக்கிற கதைதான் நடக்கும். நம் பக்கத்துக்கும் இதே வேலை பாக்கி இருக்கிறது. பழைய கோயில் மண்டபத் தரைகளில் கீறிய கட்டங்களை எங்கும் பார்க்கலாம். அவற்றில் பலவற்றை எப்படி ஆடுவது என்று சொல்ல ஊரில் ஓரிரு பெரியவர்களே மிச்சம். அவர்களோடு விதியும் போய்விட்டால் வல்லுக்கு ஆனதுதான் இவற்றுக்கும். பெயர் மட்டும் பாட்டில் நிற்கும்.

தான்றிக்காய் இன்றும் எங்கேயும் போய்விடவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் காய்க்கிறது. கடுக்காய், நெல்லிக்காயோடு சேர்த்துத் திரிபலாவாக நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறது. வயிற்றுக்கு வாங்குகிறவர்கள் ஒரு கைப்பிடி அள்ளி நான்கு நான்காகக் கழித்துப் பாருங்கள். ஒன்று மிஞ்சினால் பயப்பட வேண்டாம். பழைய ஆட்டத்தில்தான் அது கலி. நம் திண்ணை ஆட்டத்தில் ஒன்று விழுந்தால் தாயம். அது விழுந்தால்தான் காயே உள்ளே இறங்கும்.