வார்டன் போட்ட கையெழுத்து

2009 ஜூலையில் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி. அமெரிக்காவின் 'பாத்' அமைப்பும் நம்ம ஐ.சி.எம்.ஆரும் மாநில அரசோடு சேர்ந்து நடத்தின. குஜராத்தின் வதோதராவிலும் இதே வேலை. ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஏழு பேர் இறந்த செய்தி பெரிதானதும், 2010 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அந்த மரணங்களிலேயே நின்றுவிடுகிறார்கள். பாம்புக்கடி, மலேரியா, நீரில் மூழ்கியது என்று அவற்றுக்குத் தனித்தனிக் காரணங்கள் சொல்லப்பட்டன. ஊசிதான் கொன்றது என்று விசாரணைக் குழு சொல்லவில்லை. ஊசி நல்ல ஊசி, அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. என்னைக் கேட்டால் கோளாறு சம்மதப் படிவத்தில் இருக்கிறது.

2013 ஆகஸ்டில் வந்த நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையைப் பாருங்கள். ஆந்திரத்தின் 9,543 படிவங்களில் 1,948-இல் கைநாட்டு. அது தப்பில்லை, படிக்கத் தெரியாத அப்பாவுக்குப் புரியும்படி சொல்லி, சாட்சியும் வைத்திருந்தால் கைநாட்டும் சம்மதம்தான். ஆனால் 2,763 படிவங்களில் கையெழுத்து போட்டது விடுதி வார்டன்!

பழங்குடிப் பிள்ளைகள் விடுதியில், பெற்றோர் எங்கோ காட்டோரக் கிராமத்தில். வார்டன்தானே பொறுப்பு என்று கேட்கலாம். சாப்பாட்டுக்கும் வருகைப் பதிவேட்டுக்கும் பொறுப்பு, சரி. ராத்திரி காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவும் அவருக்கு உரிமை உண்டு, அங்கே காத்திருக்க நேரமில்லை. இந்தப் புற்றுநோயோ வந்தால் இருபது, முப்பது வருஷம் கழித்து வருவது. பிள்ளைகள் அடுத்த லீவுக்கு வீட்டுக்குப் போய்வரும்வரை பொறுத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

இது ஆய்வே இல்லை, 'செயல்விளக்கத் திட்டம்' என்றும் வாதாடினார்கள். நிலைக்குழு ஏற்கவில்லை, மருத்துவச் சோதனைதான் என்றது. ஆய்வு இல்லையென்றால் சம்மதப் படிவம் எதற்கு அச்சடித்தார்களாம்?

இதுவரை சொன்னதெல்லாம் பெரியவர்கள் கையெழுத்து. அந்தப் பெண்ணிடம் யார் கேட்பது? வார்டனே கேட்டால், அவர் கையால் தினமும் சாப்பிடுகிறவள் 'வேண்டாம்' என்பாளா? ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறது: பெற்றோர் சம்மதம் மட்டும் போதாது, 7 வயதிலிருந்து பிள்ளையின் இசைவை வாய்மொழியாகவும், 12 தாண்டினால் எழுத்திலும் வாங்க வேண்டும். கம்மத்தில் ஊசி போட்டு எட்டு வருஷம் கழித்து வந்தது அது.