நாட்டுப்பண்ணின் முற்பிறவி

‘நெகாராக்கூ’ ஒலிக்க நிமிர்ந்து நிற்கும் நம் மாணவருள் பலர், அம்மெட்டு ஒருகால் காதற்பாட்டாய் ஊர்சுற்றியதை அறியார். செய்செல்ஸ் தீவில் வழங்கிய பிரெஞ்சு மெட்டு பேராக் அரசின் பண்ணாயிற்று என்பர். பின்னர் அதுவே ‘தெராங் புலான்’ என்னும் நிலவுப் பாட்டாயிற்று. பினாங்கில் தோன்றிய பங்சாவான் நாடகக் கலை அதற்கும் மேடை தந்தது. 1947இல் பெலிக்ஸ் மெண்டல்சன் (பழைய ஜெர்மானிய இசைமேதை அல்லர்) ஹவாய் இசைக்குழுவுடன் அதை ‘மாமுலா மூன்’ என இசைத்தட்டாக்கினார்.

விடுதலையை ஒட்டி நடந்த போட்டிக்கு வந்த 514 மெட்டுகளுள் ஒன்றும் தேறவில்லை. 1957இல் துங்கு அப்துல் ரகுமான் தலைமையிலான குழு பேராக் பண்ணையே தேர்ந்தது. கேளிக்கையில் புழங்கிய மெட்டென்பது இழுக்கன்று. மக்கள் செவிக்குப் பழகியதே அதன் வலிமை என்பேன். ஆயினும் நாட்டுப்பண்ணான பின் அதனைக் கேளிக்கைக்கு இசைப்பது தடைப்பட்டது. 1968இல் சட்டமும் வந்தது. நிலவுப் பாட்டு நம் மேடைகளில் ஓய்ந்தது.