மணமகள்

மணத்தல் என்றால் கலத்தல், கூடுதல். பூமணத்துக்கும் அதே சொல்தான். இங்கே மகள் என்பது பெற்ற பிள்ளையைக் குறிக்காது. பழந்தமிழில் மகளுக்குப் பெண் என்ற பொருளும் உண்டு. 'குறமகள்' என்பதில் அந்தப் பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் 5ஆம் பிரிவில் மணமகளுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்கிறது. ஆனால் மணமகள் யார் என்று எங்கும் வரையறுக்கவில்லை. தூத்துக்குடிக் கோயிலில் தாலி கட்டிக்கொண்ட திருநங்கையின் திருமணத்தைப் பதிய அலுவலகம் மறுத்ததும் வழக்கு இந்த ஒரு சொல்லில் வந்து நின்றது. அச்சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்று 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. (தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014லேயே ஏற்றிருந்தது, பதிவு அலுவலகம்வரை அது எட்டவில்லை போலும்.) இடைப்பாலினக் குழந்தைகளுக்குத் தேவையற்ற பாலுறுப்பு அறுவைச் சிகிச்சை செய்வதைத் தடுக்க அரசாணை பிறப்பிக்கவும் அதே தீர்ப்பு உத்தரவிட்டது. அவ்வாண்டே ஆணை வந்தது.