தலமே திருநாமம்



சென்ற ஆண்டு திருவாதிரைத் திருநாளில் விரிவுரை முடித்து நாம் மேடையினின்று இறங்கியபோது, மூதாட்டியார் ஒருவரும் அவருடைய மகனாரும் நம்மிடம் ஒரு வழக்கைக் கொணர்ந்தனர். வீட்டில் ஆண் மகவு பிறந்திருந்தது. "அண்ணாமலை என்று பெயரிட வேண்டும் சுவாமி! மலைவலம் வருவதாக நேர்ந்துகொண்டேன், முழங்கால் இடங்கொடுக்கவில்லை. பேரனையாவது அந்தப் பெயரால் அழைக்கிறேனே" என்றார் அம்மையார். மகனாரோ, "பேருந்துப் பலகையில் எழுதும் ஊர்ப்பெயரைப் பிள்ளைக்கு வைத்தால் பள்ளியில் நகைக்க மாட்டார்களா?" என்று வினவினார். அன்று அவருக்குச் சொன்னதையே இன்று உங்களுக்கும் விரித்துரைக்கின்றோம்.

ஊர்ப்பெயரை மகவுக்கு இடுவது நமக்குப் புதிய வழக்கமன்று. திருமுனைப்பாடி நாட்டுத் திருநாவலூரில் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் பிறந்த திருமகனாருக்கு இட்ட பெயர் யாது? நம்பியாரூரர்! பிறந்த ஊர் நாவலூர், பெயரோ ஆரூர். இசைஞானியாரைத் திருவாரூரைச் சேர்ந்த ஞானசிவாசாரியாரின் திருமகளாராக அவ்வூர்க் கல்வெட்டொன்று குறிக்கின்றது. ஆதலின் அன்னையார் பிறந்த தலத்தின் பெயர் மைந்தருக்கு வாய்த்தது என்று கொள்ளலாம். பின்னாளில் அவர் திருவாரூரில் திருத்தொண்டத்தொகை பாடியருளியபோது, பாட்டுத்தோறும் தம்மை அந்தப் பெயராலேயே சுட்டி, ஆரூர்ப் பெருமானுக்கு அடிமை என்று சாற்றினார். தொட்டிலில் இட்ட பெயர் தொண்டின் முத்திரையாயிற்று.

இனி, தலத்தைக் காணுமுன்னரே அதனைப் பெயரில் சுமந்தவர் ஒருவர் உளர். ஆதனூரில் தோன்றிய நந்தனார், தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று ஏங்கியே நாள் கழித்தார். அவ்வேக்கமே அவருக்குத் திருநாளைப்போவார் என்னும் திருப்பெயரைத் தந்தது. போக இயலாத அம்மையார் பேரனைப் பெயரிட்டு அழைக்க விழைவதும் இத்தகைய ஏக்கமேயன்றோ?

அரசர் காலத்துக் கல்வெட்டுகளும் இதற்குச் சான்று பகரும். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலுக்குப் பல தலங்களினின்றும் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைக் கொணர்ந்து குடியமர்த்தினான். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் வகுத்தான். கல்லில் வெட்டிய அவர்தம் பெயர்களிடையே ஆரூர், தில்லையழகி என்பவற்றைக் காண்கின்றோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அப்பெண்மக்கள் தாங்கிய பெயர்கள் அவை.

அண்மைக் காலத்திலும் இம்மரபு அறுந்துவிடவில்லை. இலங்கையில் பொன்னம்பல முதலியார் 1853இல் பிறந்த மைந்தருக்கு அருணாசலம் என்று பெயரிட்டார். தந்தை தில்லை, தனயர் திருவண்ணாமலை! அந்த அருணாசலமே 1919இல் தோன்றிய இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர். 1872இல் ஒட்டப்பிடாரத்தில் உலகநாதருக்கு மகனாகப் பிறந்த வ.உ.சி.யின் பெயர் சிதம்பரம். கப்பலோட்டிய அவ்வீரரை எவரும் ஊர்ப்பெயர் உடையவர் என்று நகைக்கவில்லை. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் நிறுவினார். அது விளங்கும் இடம் இன்று அண்ணாமலைநகர். ஊரின் பெயர் மனிதருக்கு வந்தது. மனிதரின் பெயர் மீண்டும் ஓர் ஊருக்குப் போயிற்று.

இதன் உட்பொருள் யாது? நமது சமயத்தில் தலம் வேறு, இறைவன் வேறு அன்று. அண்ணாமலையில் மலையே சிவம். சிதம்பரம் என்பதன் பொருள் ஞானவெளி. பேருந்துப் பலகையில் ஊராகத் தோன்றுவது, பக்தரின் நாவில் திருநாமமாகின்றது. அண்ணாமலையை நினைத்தாலே முத்தி என்பர் பெரியோர். மகவுக்கு அப்பெயர் இட்டால், பால் புகட்டவும், குளிப்பாட்டவும், கடிந்துகொள்ளவும் நாளொன்றுக்கு நூறு முறை நினைக்கலாமே!

மகனார் அன்று விடையொன்றும் கூறாது சென்றார். இவ்வாண்டு தேர்க்கூட்டத்தில், கையை உதறிக்கொண்டு ஓடிய ஒரு சிறுவனைத் துரத்தியவாறு, "அண்ணாமலை! அண்ணாமலை!" என்று அவர் உரக்க அழைத்ததை நாம் கேட்டோம். அருகில் நின்ற முதியவர் ஒருவர், எவரை அழைக்கின்றார் என்றும் பாராமல், கை கூப்பினார்.

அன்பர்களே! திருமுறை ஓதத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் நாம் சொல்லும் சொல்லும் ஒரு தலத்தின் பெயரே. அதனைச் சொல்லியே இவ்வுரையையும் நிறைவு செய்கின்றோம்.

திருச்சிற்றம்பலம்.