பூட்டு ஊரில் சைக்கிள் நின்ற இடம்

திண்டுக்கல்லின் பழைய தெருக்களில் வீடு என்பது அகலம் குறைந்து நீளம் கூடிய ஒன்று. தெருவை ஒட்டித் திண்ணை, அதைத் தாண்டினால் ஓர் ஆள் போக வர மட்டும் இடமுள்ள நடை, பிறகு ஒரு கூடம், கடைசியில் அடுப்படி. 28 அங்குலச் சக்கரம் பூட்டிய சைக்கிளோ ஆறடி நீளம், ஹேண்டில்பார் இரண்டடி அகலம், எடை கிட்டத்தட்ட 20 கிலோ. சைக்கிள் ஊருக்குள் வந்தபோது இந்த வீடுகள் ஏற்கெனவே கட்டப்பட்டு நின்றன. வண்டிக்கென்று அவற்றில் ஒரு மூலைகூட ஒதுக்கப்படவில்லை. ஆனாலும் குடும்பத்தின் பிழைப்பு அந்த வண்டியை நம்பியிருந்ததால், இரவில் அதை எங்கே நிறுத்துவது, பகலில் யாரை நம்பி விட்டுப்போவது என்ற கேள்விக்கு ஊர் ஒரு வழி கண்டாக வேண்டியிருந்தது.

தென்கிழக்கே சிறுமலை, மேற்கே பழனிமலைத் தொடர், இடையில் சமவெளி. மலைக்கு மேல் சைக்கிளுக்கு வேலை இல்லை. புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை வாழையின் தார்கள் நெடுங்காலம் குதிரை முதுகிலும் ஆள் தலையிலும்தான் அடிவாரத்துக்கு இறங்கின. இன்று அங்கே போகும் சாலையிலும் 18 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தை விட்டு இறங்கியதும் நிலைமை மாறிவிடும். தோல் பதனிடும் ஷாப்புகள், சுருட்டுக் கம்பெனி, நூற்பு மில்கள், நாகல்நகரிலும் சின்னாளப்பட்டியிலும் தறிகள், 1875-ல் வந்த ரயில் என்று வேலை இருந்த இடங்களெல்லாம் ஒன்றுக்கொன்று சில மைல் தள்ளியே இருந்தன. நடந்தால் ஒரு பொழுது போகும், சைக்கிளில் அரை மணி நேரம்.

தொடக்கத்தில் ராலே, ஹம்பர், பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ் என இங்கிலாந்து வண்டிகளே கிடைத்தன. அவற்றை வாங்க முடிந்தவர்களுக்குப் பெரும்பாலும் நிறுத்தவும் இடம் இருந்தது. 1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. அம்பத்தூரில் வண்டிகள் உருவாயின. 1951-ல் சோனிபட்டில் அட்லஸ், 1956-ல் லூதியானாவில் ஹீரோ. உள்நாட்டு வண்டி பெருகியபோதுதான் சைக்கிள் லைன் வீட்டுக்கும் காம்பவுண்டு வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. ஒரே வாசல், உள்ளே ஏழெட்டுக் குடித்தனம், நடுவில் கிணறோ குழாயோ உள்ள பொது முற்றம் என்றிருந்த வீடுகளில் இடப்பிரச்சினை அன்றிலிருந்து தொடங்கியது.

வீட்டுக்குள் வண்டி ஏறுவது ஒரு தனி வேலை. முன்சக்கரத்தைத் தூக்கி வாசற்படியில் வைத்து, ஹேண்டில்பாரை ஒரு பக்கம் ஒடித்துத் திருப்பி, சீட்டுக்கு அடியில் கை கொடுத்துப் பின்பக்கத்தை ஏற்ற வேண்டும். திருப்புவது சற்றுப் பிசகினால் பெடல் சுவரில் உரசும். சைக்கிள் நின்ற வீட்டின் நடையைச் சுண்ணாம்புச் சுவரே காட்டிக்கொடுத்துவிடும்: இடுப்பு உயரத்தில் ஹேண்டில் பிடியின் கருந்தடம், முழங்காலுக்குக் கீழே பெடல் பெயர்த்த பள்ளம், தரையில் செயின் எண்ணெய் சொட்டாமலிருக்கப் போட்ட சாக்கு. வண்டி உள்ளே வந்தபின் இரவில் எழுந்து வெளியே போகிறவர் ஒருக்களித்துத்தான் போக வேண்டும். தறி வைத்த வீடுகளில் அந்த நடையும் கிடைக்காது. முன்னறையைத் தறி எடுத்துக்கொள்ள, சைக்கிள் திண்ணைத் தூணிலோ சன்னல் கம்பியிலோ சங்கிலியால் கட்டப்பட்டது. காம்பவுண்டு வீடுகளில் பொது வாசலை இரவில் யார் சாத்துவது என்ற முறை சைக்கிள்களை முன்னிட்டும் கறாராகக் கடைப்பிடிக்கப்பட்டது. முற்றத்தில் நாலைந்து வண்டிகள் ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும். அதிகாலை ஷிப்டுக்குப் போகிறவருடைய வண்டி எல்லாவற்றுக்கும் வெளியே நிற்க வேண்டும் என்பது அங்கே எழுதாத விதி.

இடமும் பணமும் இல்லாதவர்கள் சொந்தமாக வண்டி வைத்துக்கொள்ளாமலே சமாளித்தார்கள். வாடகை சைக்கிள் கடைகள் தெருவுக்குத் தெரு இருந்தன. பின் மட்கார்டில் வெள்ளைப் பெயின்டில் எண் எழுதிய வண்டிகள் கடை முன்னால் வரிசையாக நிற்கும். நோட்டில் பேரும் நேரமும் குறித்துக்கொண்டு மணிக்கணக்கில் விடுவார்கள். முகம் தெரியாதவர் என்றால் தெரிந்தவர் ஒருவர் சொல்ல வேண்டும். இந்தக் கடைகளைச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட இடமாக மட்டுமே பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். இடநெருக்கடிக்கு ஊர் கண்ட நல்ல தீர்வுகளில் அவையும் ஒன்று. இருபது வண்டிகளை இரவில் ஒரே கூரையின் கீழ் அடுக்கிப் பலகைக் கதவைப் பூட்டியதால் இருபது நடைகள் காலியாக இருந்தன.

பூட்டுக்குத் திண்டுக்கல் பேர்போன ஊர். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பு சங்கரலிங்க ஆசாரி சகோதரர்கள் இத்தொழிலை இங்கே கொண்டுவந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. நாகல்நகர், நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டி, யாகப்பன்பட்டி, அடியனூத்து என ஊரைச் சுற்றிப் பட்டறைகள் பரவின. 1957-ல் பூட்டுத் தொழிலாளர்களுக்கான கூட்டுறவுச் சங்கம் உருவானது. 2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தப் பூட்டின் உள்ளே பல லீவர்கள் இருக்கும். சாவியின் பற்கள் ஒவ்வொரு லீவரையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் நாக்கு விலகும். அந்தப் பற்களை அரத்தால் கையில் ராவி எடுப்பதால் ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேருவது அரிது. சங்கிலியைச் சன்னல் கம்பியில் சுற்றி மாங்காய் வடிவில் இப்படியொரு பூட்டைப் போட்டுவிட்டால் சங்கிலியை அறுக்காமல் வண்டியைக் கொண்டுபோக முடியாது.

ஆனால் சைக்கிளோடு பெரும்பாலும் வந்தது வேறு வகைப் பூட்டு. லாடம்போல வளைந்து, பின்சக்கரத்துக்கு மேலே கம்பிகளில் திருகப்பட்டிருக்கும். அழுத்தினால் வளைந்த கம்பி ஒன்று ஆரக்கால்களுக்கு நடுவே புகுந்து நிற்கும். சக்கரம் சுற்றாது என்பது மட்டுமே அதன் காவல். வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறவனை அது தடுக்காது. கடை வாசலில் பத்து நிமிடம் நிறுத்துவதற்குப் போதும், இரவு முழுக்கத் தெருவில் நிறுத்தப் போதாது என்பதை வைத்திருந்தவர்கள் அறிந்திருந்தார்கள். செயின் கவரில் பெயர் எழுதுவதும், சீட்டுக்குக் கீழே அடித்திருக்கும் பிரேம் நம்பரை ரசீதில் குறித்து வைப்பதும் இதனால்தான். தொலைந்த வண்டி காவல் நிலையத்தில் கிடந்தால் உரிமை சொல்ல அந்த எண் வேண்டும். உள்ளாட்சி மன்றங்கள் ஆண்டுதோறும் சைக்கிளுக்கு வரி வாங்கிக்கொண்டு கொடுத்த உலோக வில்லையும் ஓரளவுக்கு இந்த வேலையைச் செய்தது. வரிக்காகவே அது பிறந்தது என்றாலும், வில்லை இல்லாத வண்டியைப் பார்ப்பவர் இது யாருடையது என்று கேட்க அது இடம் கொடுத்தது.

இவற்றையெல்லாம்விட அதிகமான சைக்கிள்களைக் காத்தது ஸ்டாண்டு. ரயில் நிலையம், பேருந்து நிலையம், சினிமா கொட்டகை, சந்தை, மருத்துவமனை என்று கூட்டம் சேரும் இடமெல்லாம் கீற்றோ தகரமோ வேய்ந்த ஒரு கொட்டகை இருந்தது. நகராட்சியும் ரயில்வேயும் இடத்தை ஏலம் விட, குத்தகை எடுத்தவர் ஆள் வைத்து நடத்துவார். சுற்றுக் கிராமங்களிலிருந்து விடியலில் சைக்கிளில் வந்து, ஸ்டாண்டில் விட்டுவிட்டு, மதுரைக்கு அறுபது கிலோமீட்டர் ரயிலேறிப் போய் இரவில் திரும்புகிறவர்களுக்கு ஸ்டாண்டு இல்லாவிட்டால் அந்த வேலையே இல்லை.

ஸ்டாண்டின் கணக்கு எளிமையானது. ஒரே எண் அடித்த இரண்டு தகர வில்லைகளில் ஒன்று ஹேண்டில்பாரில் தொங்கும், மற்றொன்று வண்டிக்காரர் கையில். வில்லை தீர்ந்துபோன திருவிழா நாட்களில் சீட்டில் சாக்பீஸால் எண் எழுதிவிட்டு, அதே எண்ணைத் துண்டுச் சீட்டில் கிறுக்கிக் கொடுப்பார்கள். பின்னாளில் அச்சடித்த டோக்கன் வந்தது. டோக்கன் இல்லாமல் வண்டி தரப்படமாட்டாது என்ற பலகை எங்கும் ஒன்றே. டோக்கனைத் தொலைத்தவர் கடைசி வண்டி போகும்வரை காத்திருப்பார், அல்லது ரசீதைக் காட்டிப் பிரேம் நம்பரைச் சொல்வார்.

அடுக்குவதுதான் அங்கே வித்தை. வண்டிகளை நேராக நிறுத்தினால் ஹேண்டில்பார் அகலத்துக்கு இடம் போய்விடும். ஒன்றை முன்னும் அடுத்ததைச் சற்றுப் பின்னும் தள்ளி, ஒன்றின் ஹேண்டில் அடுத்ததன் சீட்டுக்கு மேல் ஏறும்படி சாய்த்தால் பாதி இடம் மிஞ்சும். ஓரத்து வண்டி ஒன்று சாய்ந்தால் வரிசையே சரியும் என்பதால் வரிசைக்கு ஒரு மூங்கிலோ இரும்புக் குழாயோ தாங்கலாக நிற்கும். நடுவில் மாட்டிய வண்டியை எடுக்க மற்றவற்றை நகர்த்த வேண்டும், அதற்குச் சக்கரம் சுழல வேண்டும். ஆகவே பல ஸ்டாண்டுகளில் வண்டியைப் பூட்டாமல் விடச் சொன்னார்கள். பூட்டு செய்யும் ஊரில், நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் பூட்டின்றி நின்றன. வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தவரின் கண்ணும், எந்த வண்டி யாருடையது என்ற அவருடைய நினைவுமே அவற்றுக்குக் காவல். மிகக் குறைந்த கூலிக்கு இராப்பகலாக அந்த வேலையைப் பார்த்தவர்களுக்கு ஊர் பட்டிருக்கும் கடன் பெரிது.

வேறு இடங்களிலும் இதே தேவை இதே வழியைக் கண்டது. சைக்கிளைத் துவிச்சக்கர வண்டி என்று எழுதும் யாழ்ப்பாணத்தில், நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் கோயிலைச் சுற்றியுள்ள வீட்டு வளவுகளே வண்டிப் பாதுகாப்பு நிலையங்களாகிவிடும். ரயில் நிலைய வாசல்களில் சைக்கிள்கள் வழியை அடைத்தபோது ஜப்பான் 1980-ல் அதற்கென்றே சட்டம் இயற்றி நிறுத்துமிடங்களைப் பெருக்கியது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகர ரயில் நிலையத்தின் கீழ் 2019-ல் முழுமையடைந்த நிறுத்தத்தில் 12,500 சைக்கிள்கள் நிற்கலாம்.

திண்டுக்கல்லில், 1980-ல் டி.வி.எஸ். 50 வந்தபின் ஸ்டாண்டுகளில் மொபெட் வரிசை ஒன்று சேர்ந்தது, பிறகு மோட்டார் சைக்கிள் வரிசை. வண்டிக்கு வண்டி கட்டணம் கூட, சைக்கிள் பின்னோக்கித் தள்ளப்பட்டது. வாடகைக் கடைகள் பஞ்சர் கடைகளாகச் சுருங்கின. வீடுகளிலோ சைக்கிள் குறையவில்லை. 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2005-06-ல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் விரிந்தது. தொகுப்பு வீட்டின் ஒற்றை அறைக்கு முன்னால் அக்காவுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று என ஒரே நிறத்தில் இரண்டு வண்டிகள் நின்றன. எது யாருடையது என்று தெரிய ஹேண்டிலில் ரிப்பனோ கலர் டேப்போ சுற்றினார்கள். பள்ளிகளிலும் ஒரே நேரத்தில் நூறு, இருநூறு வண்டிகள் வந்து சேர, கொட்டகை போதாமல் வேப்பமர நிழலும் மதில் ஓரமும் ஸ்டாண்டு ஆயின.

2014-ல் மாநகராட்சியான திண்டுக்கல்லில் இன்று மாடிக் குடியிருப்புகள் பெருகிவிட்டன. அங்கே சைக்கிள் நிற்பது மாடிப்படிக்கு அடியில், மின்சார மீட்டர் பெட்டிகளுக்குக் கீழே, கைப்பிடிக் கம்பியோடு சங்கிலி போட்டு. பக்கத்திலேயே காற்றிறங்கிய டயரோடு இன்னொன்று நிற்கும், கல்லூரிக்குப் போய்விட்ட பிள்ளையுடையது. ரயில் நிலைய ஸ்டாண்டில், மோட்டார் சைக்கிள்களைத் தாண்டி, கடைசி வரிசையில் ஹேண்டில் மேல் ஹேண்டில் ஏறிய பழைய முறையிலேயே சில சைக்கிள்கள் சாய்ந்து நிற்கின்றன.