அச்சம் எங்கிருந்து வந்தது?

இருட்டைக் கண்டு அலறும் குழந்தையைப் "பிறவிப் பயங்கொள்ளி" என்று சொல்லிவிடுவது நம்மவர் வழக்கம். அச்சம் கருவிலேயே உடன் வருவது என்பது அவர்தம் துணிபு. இத்துணிபு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைச் சென்ற நூற்றாண்டில் அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த இரண்டு ஆராய்ச்சிகளைக் கொண்டு பார்ப்போம்.

பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் மனோதத்துவப் பேராசிரியராயிருந்த ஜான் வாட்சனும், அவருடன் உழைத்த ரோஸலி ரேனர் அம்மையாரும் 1920-இல் முதலாவதை வெளியிட்டனர். ஆல்பர்ட் என்று அவர்கள் குறிப்பிட்ட குழந்தை, ஒன்பது மாதத்தில் வெள்ளெலியைக் கண்டு சிறிதும் அஞ்சவில்லை. பதினோரு மாதமானபோது, அவன் எலியைத் தொட்ட வேளைகளில் பின்னாலிருந்து ஓர் எஃகுத் தண்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். சின்னாட்களில், ஓசை இல்லாமலே, எலியைக் கண்ட மாத்திரத்தில் அவன் வீறிட்டழுதான். முயலைக் கண்டும் ரோமச் சட்டையைக் கண்டுங்கூடக் கலங்கினான். அவனை அஞ்ச வைத்தது ஓசை. அவன் அஞ்சியதோ எலிக்கு! அவ்வச்சத்தைப் போக்காமலே குழந்தையை அனுப்பிவிட்டார்கள். அறிவின் பெயரால் செய்யினும் இது கொடுமையே. ஒரே குழந்தையைக் கொண்டு செய்த சோதனை முடிந்த முடிபாகாது என்று பின்வந்தோர் கண்டித்ததும் முறையே.

எனினும் இதைப் படிக்கையில் நமது தோட்டத்து லயங்கள் நினைவுக்கு வாராமற் போகா. சோறுண்ண மறுத்த பிள்ளைக்குப் பூச்சாண்டியைக் காட்டினோம். அந்தியில் வெளியே செல்லாதிருக்கப் பால்மரக் காட்டுப் பேயைக் காட்டினோம். வாட்சனுக்குச் சுத்தியல் வேண்டியிருந்தது. நமக்கு வாயே போதுமாயிருந்தது.

இரண்டாவது ஆராய்ச்சி மேரி கவர் ஜோன்ஸ் அம்மையார் 1924-இல் வெளியிட்டது. குழந்தைகளின் அச்சத்தைப் போக்கப் பல வழிகளை அவர் சோதித்தார். அஞ்சும் பிள்ளையை மற்றப் பிள்ளைகள் எள்ளி நகைப்பதால் பயனில்லை என்று கண்டார். வெறும் வாய்ச்சொல்லாலும் பெரும்பயன் விளையவில்லை. "ஆண்பிள்ளை அழலாமா?" என்று அதட்டும் தந்தைமார் இவ்விடத்தைச் சற்று ஊன்றிப் படிக்க வேண்டும். பீட்டர் என்ற சிறுவனுக்கு வயது மூன்று நிரம்பவில்லை, முயலென்றால் நடுக்கம். அஞ்சாத பிள்ளைகளோடு அவனை விளையாடவிட்டதில் அச்சம் தணிந்து வந்தது. இடையில் காய்ச்சலால் ஏறக்குறைய இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தான். அங்கிருந்து புறப்படும்போது ஒரு பெரிய நாய் பாய்ந்தது. அருகிருந்த தாதியும் வெருண்டாள். பழைய அச்சம் முழுவதும் திரும்பிவிட்டது. துணையாயிருந்த பெரியவளே நடுங்கினால், பிள்ளை யாரைப் பார்த்துத் தேறுவான்? அம்மையார் மனந்தளரவில்லை. அவன் விரும்பிய உணவைத் தின்னும்போது, கூண்டிலிட்ட முயலை உணவு கெடாத தூரத்தில் வைத்து, நாளடைவில் நெருக்கினார். முடிவில் முயல் தன் விரலைக் கொறிக்கவும் பீட்டர் இடங்கொடுத்தான்.

அவ்வளவு சிறியவனுக்குக் காரணம் சொல்லி விளக்க இயலாது. ஐந்தாறு வயதுப் பிள்ளையின் நிலை வேறு. முதலில் பிள்ளையின் உணர்ச்சியை மறுக்காது சொல்லால் எடுத்துரைக்க வேண்டுமென்று ஹேம் கினாட் 1965-இல் வெளியிட்ட நூலில் பெற்றோருக்குக் கற்பித்தார். "உனக்குப் பயமாயிருக்கிறது" என்று சொல்லி, "இது எப்பொழுது தொடங்கிற்று? அன்று என்ன கேட்டாய்? யார் சொன்னார்?" என்று வினவினால், இருட்டு வேறு, இருட்டைப்பற்றிக் கேட்ட கதை வேறு என்பதைப் பிள்ளை தானே பிரித்தறியத் தொடங்கும். கதை சொன்னவர் பாட்டியாராயின், "அது நான் கட்டிய கதையடா" என்று அவர் வாயாலேயே சொல்லச் செய்வது இன்னும் நன்று. பாட்டியாரை இணங்கச் செய்வதுதான் கடினம்.