வட்டுக்கோட்டைப் பள்ளியில் ஒரு கிரகண இரவு

பினாங்குத் தீவின் மேற்குப் புறத்திலே மலைகளுக்கு அப்பால் அமைந்த சிற்றூர் பாலிக் புலாவ். அப்பெயருக்குத் ‘தீவின் பின்புறம்’ என்று பொருள் கூறுவர். அத்தகைய சிற்றூர்ப் பள்ளிகளிலும் திங்கட்கிழமை காலையில் மாணவர் வரிசையாக நின்று சபை கூடுகின்றனர். நாட்டுப்பண் பாடப்படுகிறது, தலைமையாசிரியர் உரையாற்றுகிறார், பின்னர் மாணவர் வகுப்புக்குச் செல்கின்றனர். மன்றம், சாரணர், விளையாட்டு இல்லம் என்பன புறப்பாட நடவடிக்கைகளாகத் தனியே நடைபெறுகின்றன. இவையெல்லாம் ஆங்கிலப் பள்ளிகள் கொணர்ந்த வழக்கங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆயினும் தமிழ் மக்களிடையே எழுந்த பழைய உயர்தரப் பள்ளிகளில் ஒன்றனுள் புகுந்து பார்த்தால், அங்கே நடந்த கூட்டம் வேறொரு வகையினதாகத் தோன்றுகிறது.

அப்பள்ளி யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் இருந்தது. அமெரிக்காவிலிருந்து 1816-இல் இலங்கை வந்த பாதிரிமாருள் ஒருவரான டேனியல் பூவர் என்பார் 1823-இல் அதனைத் தொடங்கினார். கல்லூரி என்று பெயரிடவே பாதிரிமார் விரும்பினர். அக்காலத்து ஆளுநர் பார்ன்ஸ் அமெரிக்கர் மீது நல்லெண்ணம் உடையவர் அல்லர். ஆதலால் கல்லூரி என்ற பெயர் கிடைக்கவில்லை. முதலில் மத்திய பாடசாலை என்றும், பின்னர் செமினரி என்றும் அது வழங்கிற்று. கணிதம், வானநூல், இயற்கை நூல், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் கற்பிக்கப்பட்டது. மாணவர் பள்ளியிலேயே தங்கி உண்டு பயின்றனர். ஒரு பையனின் செலவை ஏற்றுக்கொள்ளும் அமெரிக்க அன்பர் தாம் விரும்பிய பெயரை அவனுக்கு இடுவது அக்கால வழக்கம். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை என்று தமிழ் இலக்கிய வரலாற்றில் பயின்று வரும் விந்தைப் பெயர்கள் இவ்வாறு வந்தவையே. ‘உதயதாரகை’ என்னும் இதழை 1841-இல் தொடக்கத்திலிருந்தே நடத்திய ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் இருவரும் இப்பள்ளியில் பயின்ற தமிழரே. பெயரை மட்டும் கண்டு வெள்ளையர் என்று மயங்குவோர் உண்டு.

பள்ளி வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் பரிசளிப்பு விழாவை எழுதுவர், கட்டடத்தை எழுதுவர். வட்டுக்கோட்டைக்கும் அவ்விரண்டும் உண்டு. ஆண்டுதோறும் விருந்தினர் முன்னிலையில் மாணவரை வினவும் பொதுத்தேர்வு நடந்தது. இலங்கையின் தலைமை நீதிபதியாக இருந்த ஓட்லியின் பெயரால் அமைந்த மண்டபமும் எழுந்தது. எனினும் அப்பள்ளியின் இயல்பை நன்கு காட்டுவது மண்டபத்துக்கு வெளியே, திறந்த வானத்தின் கீழ் நடந்த ஒரு நிகழ்ச்சியாகும்.

அது 1829-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நேர்ந்த சந்திர கிரகணம். அந்தப் பகுதியிலே பஞ்சாங்கம் கணித்து வந்தவர் விசுவநாத சாஸ்திரியார். அவர் கணித்துச் சொன்ன கிரகணத்துக்கும், ஐரோப்பிய முறைப்படி பூவர் கணித்ததற்கும் வேறுபாடு இருந்தது. கிரகணம் தொடங்கும் நேரம், சந்திரன் மறையும் அளவு, அது நீடிக்கும் காலம் ஆகிய மூன்றிலும் இருவர் கணக்கும் ஒத்துவரவில்லை. பூவர் அந்த வேறுபாட்டை மறைக்கவில்லை. முன்கூட்டியே ஊரறியச் செய்தார். இன்ன நேரத்தில் வந்து பாருங்கள் என்பதே அதன் கருத்து. ஊரில் பெரும் பரபரப்பு உண்டாயிற்று. நாள் குறிப்பதும், நோன்பு நோற்பதும், திருமணம் செய்வதும் பஞ்சாங்கத்தைக் கொண்டே நடந்த சமுதாயத்தில் இது நாழிகைக் கணக்கோடு நிற்கும் வழக்கன்று. சாஸ்திரியார் தோற்றால் அவர் கணிதம் மட்டுமா தோற்கும், அவர் சமயமும் தோற்றதாகப் பாதிரிமார் சொல்வார்களே என்ற அச்சம் ஒருபுறம். பூவர் தோற்றால் ஆறாண்டுகளாக அவரிடம் பயின்ற பிள்ளைகள் ஊரார் முன் தலைகாட்ட முடியாது.

சந்திரன் பூவரின் கணக்குப்படி நடந்தது. மூன்றிலும் அவர் சொன்னதே சரியாயிற்று.

பாதிரிமார் இதனைத் தம் சமயத்தின் வெற்றியாக எழுதி மகிழ்ந்தனர். அது அவர்கள் நோக்கத்துக்குப் பொருந்தும். ஆனால் வரலாற்றுக்குப் பொருந்துமா என்பதே கேள்வி. சந்திரனின் இயக்கம் பற்றிய அட்டவணை இன்னும் திருத்தமாக இருந்தது என்பதற்குமேல் அன்றிரவு எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை. கிரகணத்தைச் சரியாகக் கணித்தவன் வீடுபேற்றையும் சரியாகக் கணித்தவன் ஆகான்.

சாஸ்திரியார் கைக்கொண்ட மரபு எத்தகையது என்பதையும் நோக்குதல் வேண்டும். வாக்கியம் என்று அம்முறைக்குப் பெயர். வாக்கியம் என்றால் சொற்றொடர். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. எழுத்துகளைச் சேர்த்துச் சொற்றொடராக்கினால் பெரிய எண்கள் மனப்பாடமாகிவிடும். சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள். சந்திரன் பூமிக்கு மிக அண்மையில் வரும் நிலையிலிருந்து மீண்டும் அந்நிலைக்கு வர ஏறக்குறைய இருபத்தேழரை நாள் ஆகிறது. அவ்வாறு ஒன்பது சுற்றுகள் முடிய 248 நாள். ஆகவே நாளுக்கொரு வாக்கியம் அமைத்தால், அவ்வட்டத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். எண்களைப் பாட்டுப் போல நெஞ்சில் நிறுத்தும் இக்கலையைத் தமிழாசிரியர் வியவாதிருக்க இயலாது.

அம்முறையின் வன்மைக்கு ஒரு சான்று உண்டு. வட்டுக்கோட்டை நிகழ்ச்சிக்கு நான்காண்டுகளுக்கு முன், 1825-இல், ஜான் வாரன் என்பார் புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவரைக் கண்டார். வானநூற் கொள்கை எதனையும் அவர் அறிந்திலர். ஏடில்லை, எழுதுகோலில்லை. தரையிலே சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக இருந்த சொற்களைக் கொண்டு, அவ்வாண்டு நேரவிருந்த ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை என்று பின்னர் அறிஞர் கண்டனர். ஒரு நாழிகை 24 நிமிடம். தொடக்கத்தில் கால் நாழிகை கூடப் பிழையில்லை; முடிவிலோ இரண்டு நாழிகைக்கு மேல் பிழை. நூற்றாண்டுகளுக்கு முன் வகுத்த எண்களை இடையிடையே வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தாமையால் சிறு பிழைகள் சேர்ந்து பெரும் பிழையாயின. குறை அறிவில் இல்லை, திருத்தாமையில் இருந்தது.

செமினரியே இதனை நாளடைவில் உணர்ந்தது போலும். 1836-க்குப் பின் அதன் தலைமையை ஏற்ற ஹொய்சிங்டன் என்பார், தமிழரின் வானநூலைத் தள்ளிவிடாது கற்று, மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் விளக்கக் குறிப்புகளுமாக 1848-இல் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். எதிர்வழக்காடியின் நூலைப் பாடமாக எடுத்துக் கற்பது எளிய செயலன்று.

இவ்வூர்க்கூட்ட முறை ஒரு பக்கத்தாருக்கே உரியதாகவும் நின்றுவிடவில்லை. ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். வெள்ளிதோறும் அது தொடர்ந்தது. அடுத்த ஆண்டிலேயே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். கிறித்தவப் பாடசாலையில் பயின்றும் கற்பித்தும் பழகியவர் அவர். கூட்டத்தைக் கூட்டிப் பேசும் முறையையும் வகுப்பு முறையையும் அங்கே கண்டு, அவற்றைத் தம் சமயத்துக்கு ஆக்கிக்கொண்டார்.

செமினரி நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஆங்கிலங் கற்ற மாணவர் ஊழியத்துக்கு வராமல் அரசாங்க வேலைக்குப் போகின்றனர் என்ற குறை அமெரிக்காவில் இருந்த மேலிடத்தாருக்கு எழுந்தது. 1855-இல் பள்ளி மூடப்பட்டது. பூவரும் அவ்வாண்டின் தொடக்கத்தில் வாந்திபேதியால் இறந்தார். அவ்விடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது 1872-இல். வேலைக்குப் போகின்றனர் என்ற குற்றச்சாட்டு பொய்யன்று. அவ்வழியே வந்த யாழ்ப்பாணத்துத் தலைமுறைகள் பிற்காலத்தில் மலாயாவின் ரயில் நிலையங்களையும் அலுவலகங்களையும் ஆங்கிலப் பள்ளிகளையும் நிரப்பின.

ஆயினும் எல்லாரும் எழுத்தர் வேலையோடு நின்றவர் அல்லர். பள்ளி மூடப்பட்ட ஆண்டிலேயே கறல் விசுவநாதபிள்ளையின் ‘வீசகணிதம்’ தமிழில் வெளிவந்தது. இரண்டாண்டு கழித்து, 1857-இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறியவர் இருவர். அவ்விருவரும் வட்டுக்கோட்டையில் பயின்றவர்களே: ஒருவர் விசுவநாதபிள்ளை, மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. தாமோதரம்பிள்ளை 1829-இல் பிறக்கவும் இல்லை. அந்தக் கிரகணத்தைப் பற்றி மூத்தோர் வாய்க் கேட்டிருத்தல் கூடும். சொன்னதை வானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் நிலவிய பள்ளியிலிருந்து வந்த அவர், பிற்காலத்தில் ஓரேட்டை மட்டும் நம்பாமல், பல ஊர்களிலிருந்து ஏடுகளைத் தேடி வருவித்து, பாடத்தோடு பாடம் ஒப்புநோக்கி, 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887-இல் கலித்தொகையையும் அச்சேற்றினார்.